இடந்தலை எங்கே?

செவ்வாய்க்கிழமை காலையில் கடையைத் திறந்து, கேத்தலில் தண்ணீர் கொதிக்கும் முன்பே தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். மறுமுனையில் விநியோகக் கம்பனியின் விற்பனையாளர். சுகம் விசாரித்து முடிந்ததும், தன் மேசையிலிருக்கும் டர்ன்டேபிளில் ஒரு தட்டைப் போட்டு, ரிசீவரை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைப்பார். நான் இந்தப் பக்கம் ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கையில் பென்சிலோடு கேட்பேன். இருபது, முப்பது செக்கன். ஊசியைத் தூக்கி இன்னோரிடத்தில் வைப்பார். இன்னுமோர் இருபது செக்கன். "எத்தனை அனுப்ப?" மூன்று என்பேன், பத்து என்பேன், அபூர்வமாக இருபத்தைந்து என்பேன். உடனே அடுத்த தட்டு. 1993 முதல் 2007 வரை கிழக்கு லண்டனில் ஓர் இசைத்தட்டுக் கடையில் நான் பார்த்த வேலையில் பாதி இதுதான்.

இதிலுள்ள சிக்கல் வெளியாருக்குச் சட்டென்று பிடிபடாது. தொலைபேசிக் கம்பி ஏறத்தாழ 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான ஒலியைத்தான் கடத்தும். மனிதர் பேசுவது விளங்க அது போதும். நாங்கள் விற்ற இசைக்கோ டிரம் அண்ட் பேஸ் என்று பெயர். அதில் பேஸ் என்ற தாழ்ந்த ஒலி உலவுவது 40, 50, 60 ஹேர்ட்ஸில். பெயரிலேயே பாதியாக நிற்கிற ஒன்றைக் கேட்காமல், அந்தத் தட்டில் எத்தனை வாங்குவது என்று நான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. கல்யாண வீட்டுச் சாப்பாட்டைப் படலைக்கு வெளியே நின்று மணத்தை வைத்துச் சொல்வது போன்ற வேலை.

இந்த இசை என்னிடம் வந்து சேர்ந்த வழியைச் சொல்கிறேன். 1989இல் பதினைந்து வயதில் அம்மாவோடு லண்டன் வந்தேன். மேனர் பார்க்கில் ஒரு வீட்டின் மேல்மாடி அறை. கீழே இன்னும் இரண்டு யாழ்ப்பாணக் குடும்பங்கள். எல்லாருக்கும் ஒரே குசினி. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கார் சன்னல்களிலிருந்தும் மாடிக் குடியிருப்புகளின் பல்கனிகளிலிருந்தும் ஒரு சத்தம் வழிந்துகொண்டிருக்கும். அது அனுமதியில்லாத வானொலிகளின் காலம். உயர்ந்த கட்டடங்களின் கூரையில் அன்டெனாவைக் கட்டி ஒலிபரப்புவார்கள். அதிகாரிகள் வந்து அறுத்துக்கொண்டு போவார்கள். அடுத்த வாரம் மறுபடி கட்டுவார்கள். ஹக்னியில் கூல் எஃப்எம் 1991இல் தொடங்கியபின், 94.5இல் முள்ளை வைத்துவிட்டு வார இறுதி முழுக்கக் கசெற்றில் பதிவு செய்துகொண்டிருப்பேன்.

பக்கத்து ஊரான ஃபாரஸ்ட் கேட்டில், செபர்ட் வீதியில், டி அண்டர்கிரவுண்ட் என்றொரு சின்னக் கடை இருந்தது. லெனி டி ஐஸின் 'வீ ஆர் ஐ.இ.' அங்கேயிருந்துதான் 1991இல் வெளிவந்தது. பிற்பாடு ஜங்கிள் என்றும் டிரம் அண்ட் பேஸ் என்றும் பெயர் பெற்ற இசையின் முதல் தட்டு அதுதான் என்று கிழக்கு லண்டன்காரர் பலர் அடித்துச் சொல்வார்கள்; நானும் அந்தக் கட்சிதான். டிஜே ராண்டல் அந்தக் கடையோடு சேர்ந்தவர். 2024இல் அவர் மறைந்தபோது எனக்கு வீட்டில் ஒருவர் போனது போலிருந்தது. இரண்டு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிட்டு, எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று தெரியாமல் நிமிடக்கணக்கில் கொண்டுபோவதில் அவருக்கு நிகராக ஒருவரை நான் கேட்கவில்லை.

ஜமேக்காவிலிருந்து வந்தவர்களின் சவுண்ட் சிஸ்டம் பேஸைத் தந்தது. நியூயோர்க் ஹிப்-ஹொப் பழைய தட்டுகளிலிருந்து டிரம் துண்டுகளை வெட்டி எடுக்கும் பழக்கத்தைத் தந்தது. டெட்ரோயிட்காரர் கெவின் சோண்டர்சன், ரீஸ் என்ற பெயரில் 1988இல் செய்த ஒரு தட்டிலிருந்து உறுமும் பேஸ் ஒன்று வந்தது. அதை இன்றும் ரீஸ் என்றே சொல்கிறோம். இவை மூன்றும் லண்டனில் ஒரே குசினியில் சமைந்தன. அந்தக் குசினியில் கறுப்பரும் வெள்ளையரும் வங்காளிகளும் நாங்களும் தோளுரசி நின்றோம். 1991இல் நிமிடத்துக்கு 130, 140 அடியாக இருந்த வேகம் 1994இல் 160ஐத் தாண்டியது. பிறகு 170இல் நிலைத்தது.

வேலைக்குச் சேரும் முன்பு நடந்த ஒரு விஷயத்தை இங்கே சொல்லாவிட்டால் மேலே எழுத முடியாது. எங்கள் குசினிக்கு அடிக்கடி ஒரு மாமா வருவார். இரத்த உறவில்லை, அப்பாவின் சிநேகிதர். ஊரில் தவில் வாசித்தவர், அளவெட்டிக்காரர். சின்ன வயதில் தவில் மேதை தெட்சணாமூர்த்தியை விடிய விடியக் கேட்டு வளர்ந்தவர். லண்டனில் பகலில் பெட்ரோல் செட்டில் நின்று, கல்யாணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் வாசித்தார். ஒரு நாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர், மேசையில் ஓடிய என் கசெற்றைக் காட்டிக் கேட்டார்.

"ஆர் தம்பி உது அடிக்கிறது?"

"மெசின், மாமா."

அவர் பேசாமல் கொஞ்ச நேரம் கேட்டார். தொடையில் கை விழத் தொடங்கியது.

"மெசின் இல்லை. அடி மனுசன்ர அடி. கேள், மூண்டாஞ் சுத்திலை ஓரடி பிந்தி விழுது. நாலாஞ் சுத்திலை முதலடியைக் காணேல்லை. உது மெசினுக்கு வராது. ஆனா மூச்சு விடாமல் இவ்வளவு நேரம் ஒரு மனுசனாலயும் அடிக்கேலாது. என்ன கூத்து இது?"

அவருடைய கையைப் பார்த்தேன். கசெற்றில் அடி தறிகெட்டு ஓடுகிறது. அவர் கை அதில் பாதி வேகத்தில், ஊஞ்சலாடுவது போல நிதானமாக விழுகிறது. பிறகு அவர் கேட்டதைத்தான் இத்தனை வருடமாக நான் சுமந்துகொண்டு திரிகிறேன்.

"அது சரி, வலந்தலை மட்டும்தானே கேக்குது. இடந்தலை எங்க?"

தவிலில் வலந்தலை இறுக்கிய தோல். விரல்களில் கூடு போட்டு வாசிப்பது. கணீரென்று மேலே நிற்கும் சத்தம். இடந்தலை பூவரசங்கழியால் அடிப்பது. நெஞ்சுக்குள் இறங்கும் சத்தம். என்னுடைய கசெற் பெட்டியின் ஸ்பீக்கர் உள்ளங்கை அளவுதான். அதில் இடந்தலை வராது. நான் அதுவரை பேஸைக் கேட்டதே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மாமா சொன்ன மற்ற விஷயமும் எழுத்துக்கு எழுத்து உண்மை. அந்த அடி மனிதர் அடித்தது. த வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு 1969இல் 'கலர் ஹிம் ஃபாதர்' என்ற பாட்டை வெளியிட்டது. தட்டின் பின்பக்கத்தை நிரப்ப 'ஆமென், பிரதர்' என்று ஒரு வாத்திய இசை. அதன் நடுவில் மற்ற எல்லாரும் நிறுத்த, கிரெகரி கோல்மன் என்ற டிரம்காரர் தனியாக நான்கு சுற்று வாசிக்கிறார். ஆறேழு செக்கன். முதல் இரண்டு சுற்றும் நேரானவை. மூன்றாவதில் ஒரு ஸ்நேர் அடி பிந்துகிறது. நான்காவதில் முதலடி வெறுமை. பிறகு எதிர்பாராத இடத்தில் சிம்பல் விழுகிறது. குசினியில் ஒரு தவில்காரர் கசெற்றைக் கேட்டே இந்தக் கணக்கைச் சொன்னார்.

1986இல் அந்தப் பாட்டு டிஜேக்களுக்கான ஒரு தொகுப்புத் தட்டில் வந்தது. அங்கிருந்து அகாய் எஸ்950 போன்ற சாம்ப்ளர்களுக்குள் போனது. அந்தப் பெட்டியில் முழு நினைவகத்தையும் போட்டாலும் 2.25 மெகாபைட்தான். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படமே அதைவிடப் பெரிதாக இருக்கும். அவ்வளவு இடத்துக்குள், படுக்கையறைகளில் இருந்த பெடியன்கள் கோல்மனின் ஆறு செக்கனை அடியடியாக அறுத்தார்கள். ஸ்நேர் ஒரு துண்டு, கிக் ஒரு துண்டு, அந்தப் பிந்திய அடி ஒரு துண்டு. பிறகு வேகத்தைக் கூட்டி வேறு வேறு ஒழுங்கில் அடுக்கினார்கள். வேகம் கூடும்போது சுருதியும் ஏறும். ஸ்நேர் வலந்தலைக் கூட்டு அடி போலக் கூர்மையாகும். கோல்டி என்ற கலைஞர் 1992இல் 'டெர்மினேட்டர்' தட்டைச் செய்தபோது ஈவென்டைட் என்ற கருவியால் அந்த இரண்டையும் பிரித்துவிட்டார்: வேகம் அப்படியே நிற்க, சுருதி மட்டும் வளைந்து மேலே போகிறது. முதல் தடவை அதைக் கேட்டபோது கால் தரையில் நிற்கவில்லை.

ஆயிரக்கணக்கான தட்டுகளில் அந்த அடி இருக்கிறது. கோல்மனுக்கு அதிலிருந்து ஒரு சதமும் போகவில்லை. 2006இல் அட்லாண்டாவில் வீடு வாசலின்றி, கையில் எதுவுமின்றி அவர் இறந்தார். 2015இல் பிரிட்டன் டிஜே இருவர் பணம் திரட்டி, 24,000 பவுண்டை வின்ஸ்டன்ஸ் குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் கொடுத்தார்கள். நானும் போட்டேன். கோல்மனின் கையால் பதினான்கு வருடம் சாப்பிட்டவன் நான். கோல்மன் இறந்து ஒன்பது வருடம் கழித்து, வேறொருவரிடம், இருபது பவுண்ட். அந்தக் கடன் தீரவில்லை.

வெள்ளிக்கிழமைதான் கடையின் திருவிழா நாள். மத்தியானம் வான் வரும். பெட்டிகளை உடைத்து, பெயரச்சிடாத வெள்ளை லேபிள் தட்டுகளில் பேனாவால் பெயரெழுதுவேன். நான்கு மணிக்குள் கவுன்டர் நெடுக ஆட்கள் நிறைந்துவிடுவார்கள். டிஜேக்கள், டிஜே ஆக ஆசைப்படுகிறவர்கள், சம்பளம் கையில் விழுந்த கட்டட வேலைக்காரர்கள், சும்மா கேட்க வருகிறவர்கள். நான் தட்டைப் போடுவேன். பிடித்தவர்கள் கையைத் தூக்குவார்கள். யார் யார் என்று பார்த்து ஆளுக்கொரு குவியலில் வைப்பேன். பேச்சே இல்லை, பேசினாலும் கேட்காது.

இதில் விற்கிறவன் கையில் ஒரு நுட்பம் உண்டு. இந்தத் தட்டுகளின் தொடக்கம் நீளமாக இருக்கும். டிஜே முந்தைய தட்டோடு கலப்பதற்காக விட்ட இடம் அது. அதைப் போட்டால் கவுன்டரில் நிற்பவனுக்குப் பொறுமை போய்விடும். ஆகவே பேஸ் உள்ளே விழும் இடத்துக்குச் சற்று முன்பாக ஊசியை வைக்க வேண்டும். தட்டைச் சரித்து வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும்: டிரம் இல்லாத அமைதியான பகுதியில் வரிகள் நெருங்கி, வழவழவென்று இருண்ட வளையமாக நிற்கும். அந்த வளையம் முடியும் விளிம்புக்கு ஒரு நூலிடை முன்னால் ஊசி. எட்டுச் சுற்று அமைதி; பிறகு பேஸ். கைகள் தானாக மேலெழும்.

பேஸ் தட்டில் இடம் தின்னும். தாழ்ந்த ஒலிக்கு வரி அகலமாக வளைய வேண்டும். அதனால்தான் பன்னிரண்டு அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு. பெரும்பாலும் 45 வேகத்தில். பேஸை இடது வலது என்று பிரித்து வைத்தால் ஊசி துள்ளும். அதனால் நடுவில் ஒன்றாக வைத்து வெட்டுவார்கள். பெரிய டிஜேக்கள் தட்டு அச்சாகி வரும்வரை காத்திருக்க மாட்டார்கள். வடக்கு லண்டனில் மியூசிக் ஹவுஸ் என்ற இடத்தில் வரிசையில் நின்று, முந்தின நாள் முடித்த பாட்டை அலுமினியத் தகட்டில் பூசிய அரக்கில் ஒரே ஒரு பிரதியாக வெட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். டப்பிளேட். சில பத்துத் தடவை போட்டால் தேய்ந்து இரையத் தொடங்கும். கூட்டத்துக்கு ஒரு தட்டு மிகவும் பிடித்துப்போனால் கத்துவார்கள், விசில் அடிப்பார்கள், சுவரில் அறைவார்கள். டிஜே தட்டைப் பின்னால் சுழற்றி, மறுபடி முதலிலிருந்து போடுவார். ரீவைண்ட். ஜமேக்காக்காரரின் வழக்கம். தேய்ந்து சாகப்போகும் தட்டை, கேட்கிறவர்களுக்காக இன்னொரு தடவை தேய்ப்பது. இதைவிடப் பெரிய மரியாதை ஒரு பாட்டுக்கு இல்லை என்றே நினைக்கிறேன்.

இப்போது நான் செய்த பெரிய பிழைக்கு வருகிறேன். 1995இல் ஒரு செவ்வாய்க்கிழமை, தொலைபேசியில் கோல்டியின் மெட்டல்ஹெட்ஸ் கம்பனித் தட்டு ஒன்று. அலெக்ஸ் ரீஸ், 'பல்ப் ஃபிக்ஷன்'. எல்லாரும் ஆமெனை நூறு துண்டாக நறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், இதில் டிரம் வெறும் இரண்டு அடி. கிக், ஸ்நேர், கிக், ஸ்நேர். நடுவில் ஒன்றுமில்லை. மேலே சில சத்தங்கள் வந்து போயின. எனக்கு வெறும் வீட்டுக்குள் நுழைந்தது போலிருந்தது. "மூன்று" என்றேன். விற்பனையாளர் "நிச்சயமாக மூன்றுதானா?" என்று கேட்டதும் நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமை அதைக் கடை ஸ்பீக்கரில் போட்டேன். இரண்டு அடிகளுக்கு நடுவில் ஒன்றுமில்லை என்று நான் நினைத்த இடம் முழுவதும் பேஸ். உருண்டு, நெளிந்து, கேள்வி கேட்டு, தானே பதில் சொல்லிக்கொண்டு போகிறது. டிரம் எளிமையாக இருந்ததற்குக் காரணம் அதுதான். பேஸ் நடப்பதற்காகப் பாதையை ஒதுக்கி வைத்திருந்தார். இருபது கை மேலே நிற்கிறது. என்னிடம் மூன்று தட்டு. ஒன்றை எனக்கென்று எடுத்து வைத்தேன். மற்ற இரண்டுக்கும் சண்டை நடந்தது. மறுபடி அழைத்தபோது இருப்பு முடிந்திருந்தது.

அன்றிலிருந்து தொலைபேசியில் கேட்கும் முறையை மாற்றிக்கொண்டேன். கேட்கிற சத்தத்தை விட்டுவிட்டு, விடுபட்ட இடத்தைக் கவனித்தேன். டிரம் எங்கே ஒதுங்கிக் கொடுக்கிறது? எந்த அடிக்குப் பிறகு மூச்சு விட்டிருக்கிறார்கள்? அந்த வெளி ஒரு காரணத்தோடு விட்ட வெளியாகத் தோன்றினால் எண்ணிக்கையைக் கூட்டுவேன். இடைவெளியே இல்லாமல் மேலெல்லாம் நிரம்பி, தொலைபேசியிலேயே பிரமாதமாகக் கேட்ட தட்டுகள் பலமுறை ஏமாற்றின. கடை ஸ்பீக்கரில் போட்டால் கீழே ஒன்றுமிராது.

இது வேகமான இசை என்கிறார்கள். நான் ஒப்ப மாட்டேன். 170 என்பது மேலே ஓடும் டிரம்மின் கணக்கு. பேஸ் 85இல் நடக்கிறது. ஆடுகிறவன் உடம்பு 85ஐத்தான் பிடிக்கும். தவில்காரர் மேற்காலத்தில் சொற்களைப் பொழியும்போது தாளம் போடுகிறவரின் கை முதற்காலத்தில் நிதானமாக விழுகிறதே, அதே ஏற்பாடு. இரண்டு காலத்தையும் ஒரே உடம்பில் வைத்திருப்பதில்தான் இதன் இன்பம் இருக்கிறது. மேலே உள்ளதை மட்டும் கேட்டுவிட்டு இரைச்சல் என்று போனவர்கள் பாதி இசையைக் கேட்டவர்கள்.

என் அளவுகோல் இதுதான் என்பதால் என் விருப்பு வெறுப்புகளும் இதிலிருந்தே பிறக்கின்றன. கோல்டியின் 'டைம்லெஸ்' ஆல்பத்தை 1995இல் விற்கத் தொடங்கினோம். 21 நிமிடத் தலைப்புப் பாட்டில் டயான் சார்லமேனின் குரல் எட்டத்தில் நின்று அழைக்க, கீழே பேஸ் கடலடி நீரோட்டம் போல இழுக்கும். மூவிங் ஷேடோ கம்பனியை நடத்திய ராப் பிளேஃபோர்டின் கை அதில் நிறைய இருக்கிறது. அட்டையில் கோல்டியின் பெயரைப் பார்க்கிறவர்கள் பிளேஃபோர்டை மறந்துவிடுகிறார்கள். கோல்டியை இந்த இசைக்குக் கொண்டுவந்த கெமிஸ்ட்ரி, ஸ்டோர்ம் என்ற இரண்டு பெண் டிஜேக்களையும் அப்படித்தான் மறந்தார்கள். சேரிங் கிராஸ் ஹெவன் கிளப்பில், ஃபேபியோவும் குரூவ்ரைடரும் வாசித்த ரேஜ் இரவுகளுக்குக் கோல்டியைக் கூட்டிப்போனவர்கள் அவர்கள். மெட்டல்ஹெட்ஸை அவரோடு சேர்ந்து கட்டியவர்களும் அவர்கள். 1999இல் கெமிஸ்ட்ரி வீதி விபத்தில் இறந்தார். அதே வருடம் வந்த அவர்களுடைய 'டிஜே-கிக்ஸ்' தொகுப்பை நான் வருடத்துக்கு ஒரு முறையாவது முழுதாகக் கேட்கிறேன்.

ரோனி சைஸின் 'நியூ ஃபோர்ம்ஸ்' 1997இல் மெர்குரி பரிசு வென்றபோது, ரேடியோஹெட்டின் 'ஓகே கம்ப்யூட்டர்' இருந்த பட்டியலில் இதற்கா என்று பத்திரிகைக்காரர் திகைத்தார்கள். எங்கள் கவுன்டரில் ஒருவரும் திகைக்கவில்லை. 'பிரவுன் பேப்பர் பேக்' பாட்டில் டபுள் பேஸோடு டிரம் வந்து சேரும் இடத்தைக் கேட்ட எவரும் திகைக்க மாட்டார்கள். ஆனால் இரண்டு சிடி அந்த ஆல்பத்துக்கு அதிகம். பாதியாகச் சுருக்கியிருந்தால் குறையே சொல்ல முடியாத ஒன்றாக நின்றிருக்கும்.

எல்டிஜே புகெமின் 'மியூசிக்' 1993இல் வந்தது. ஜங்கிள் கோபமாக மட்டும்தான் இருக்கும் என்றவர்களுக்கு அது பதில். பின்னால் அவருடைய வழியில் வந்த பலர் அழகை மட்டும் எடுத்துக்கொண்டு ஆழத்தை விட்டார்கள். 1997, 98இல் இசை மறுபக்கம் திரும்பியது. எட் ரஷ், ஓப்டிக்கல் போன்றவர்களின் இருண்ட, இரும்பு போன்ற தட்டுகள். 'வோர்ம்ஹோல்' அதில் உச்சம். கைத்திறனில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வழி பெருத்தபிறகு கடைக்கு வரும் பெண்கள் குறைந்தார்கள். கையைத் தூக்குகிறவர்கள் சிரிப்பதில்லை. கவுன்டரின் பின்னால் நின்றவனுக்கு இது தெளிவாகத் தெரிந்தது.

என் கணக்கில் எல்லாருக்கும் மேலே ஃபோட்டெக். 1997இல் வந்த 'நி-டென்-இச்சி-ரியு' மியாமோட்டோ முசாஷியின் இரட்டை வாள் முறையின் பெயர் கொண்டது. அதில் ஒவ்வோர் அடியும் உறையிலிருந்து உருவிய வாள். அடிக்கு அடி நடுவில் இருக்கும் அமைதியில், அடுத்தது எங்கிருந்து வரும் என்று உடம்பு முழுவதும் காதாகிவிடும். டிரம் இவ்வளவு நுணுக்கமாக அடுக்கப்பட்டும், ஓரிடத்திலும் நெரிசல் இல்லை. கடையில் இதைப் போட்டால் சனம் ஆடாது; நிற்கும். அதற்காகவே மத்தியானங்களில் போடுவேன்.

எங்களுடைய காதுக்கு நெருக்கமான ஒன்றும் அந்த நாட்களில் நடந்தது. ஹொக்ஸ்டன் சதுக்கத்தில் புளூ நோட் என்ற கிளப். ஞாயிறு இரவு மெட்டல்ஹெட்ஸ். மறுநாள் திங்கள் இரவு அதே மேடையில் டால்வின் சிங்கின் அனோக்கா, தப்லாவும் டிரம் அண்ட் பேஸும். 1997இல் வந்த அனோக்கா தொகுப்பில் ஸ்டேட் ஒஃப் பெங்காலின் 'ஃபிளைட் ஐசி 408'ஓடு ஏ.ஆர். ரஹ்மானின் 'பம்பாய்' கருப்பொருள் இசையும் இருந்தது. புல்லாங்குழல் தொடங்கியதும், கவுன்டரில் நின்ற ஒரு ஜமேக்காக்கார இளைஞன் இது யார் என்று கேட்டான். மெட்ராஸ்காரர் என்று சொன்னேன். அன்று சொல்லியபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

கடை மூடிய கதையை நீட்ட விருப்பமில்லை. டிஜேக்கள் சிடிக்கும் பிறகு லேப்டொப்புக்கும் மாறினார்கள். எங்களுக்குத் தட்டு தந்த ஒரு விநியோகக் கம்பனி விழுந்தது. ஏற்கனவே பணம் கட்டிய பெட்டிகள் வரவேயில்லை. 2007 இறுதியில் கதவை இழுத்துப் பூட்டினோம்.

அதைவிட என்னை வருத்தியது தட்டுகளுக்குள் நடந்த மாற்றம். 2005இல் பெண்டுலத்தின் 'ஹோல்ட் யுவர் கலர்' வந்தபோது எங்கள் கடையில் அதைப்போல் வேகமாக விற்றது வேறில்லை. அதன் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்குப் பின் வந்த கூட்டத்தில் பேஸ் மேலே ஏறிவிட்டது. அடிவயிற்றில் இருக்க வேண்டியது பல்லுக்கு வந்துவிட்டது. சின்ன ஸ்பீக்கரில், லேப்டொப்பில், கைபேசியில் கேட்டாலும் தெரிய வேண்டும் என்பதற்காக நடுச் சுருதியில் உறுமும்படி செய்தார்கள். தொலைபேசியிலேயே முழுசாகக் கேட்கும் தட்டுகள்! செவ்வாய்க்கிழமைகளில் என் வேலை மிகச் சுலபமாகிவிட்டது. யாருடைய உதவியும் இல்லாமல் எண்ணிக்கை சொல்லலாம். அந்தச் சுலபம் எனக்குப் பிடிக்கவில்லை. அதே 2005இல் பெல்ஃபாஸ்ட்காரர் கலிபரின் 'செகண்ட் சன்' வந்தது. தொலைபேசியில் அதில் கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்கவில்லை. முப்பது என்றேன்.

கடைசியாக, 1995 மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை. கடையில் யாருமில்லை. தவில் மாமா பெட்ரோல் செட் உடுப்போடு, குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பஸ் பிந்திவிட்டது, அதுவரை ஒதுங்க வந்ததாகச் சொன்னார். சுவர் நெடுக அடுக்கியிருந்த தட்டுகளை மேலும் கீழும் பார்த்தார்.

"உன்ர கொம்மா சொன்னவ, நீ இஞ்சதான் நிக்கிறாயெண்டு. இன்னும் அந்த மெசின்காரன்தானே?"

"ஓம் மாமா. இண்டைக்கு இடந்தலையையும் கேளுங்கோ."

எனக்கென்று எடுத்து வைத்த அந்தத் தட்டை உறையிலிருந்து உருவினேன். கவுன்டருக்குப் பக்கத்தில், அவருடைய நெஞ்சளவு உயரத்தில் நின்ற பெட்டி ஸ்பீக்கருக்கு அருகில் அவரை நிற்க வைத்தேன். முதலில் அந்த இரண்டு அடி. மாமா தலையை ஒரு பக்கமாகச் சரித்தார். பிறகு பேஸ் வந்தது. தேத்தண்ணிக் கோப்பையில் வளையங்கள் எழுந்தன. அவர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடது உள்ளங்கையைப் பெட்டியின் பலகையில் பதித்தார். வைத்தியர் நாடி பிடிப்பது போல. வலது கை தொடையில் விழத் தொடங்கியது. நிதானமாக, பாதி வேகத்தில். கண்ணாடிக்கு வெளியே அவருடைய பஸ் வந்து நின்றது, இரண்டு பேர் இறங்கினார்கள், பஸ் போய்விட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தட்டு முடிந்து ஊசி உள்வளையத்தில் இரைந்தது. மாமா கையை எடுக்கவில்லை.

"இன்னொருக்காப் போடு தம்பி," என்றார்.